மூன்றாம் பாகத்தை எப்போது வாசிப்பது

எனக்குச் சந்தேகப் புத்தி. வயதானதால் வந்தது இல்லை, பிறவிக் குணம். மீன்காரி கூறு வைத்தால் அடியில் கிடப்பதைப் புரட்டிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. கோவிலில் பக்கத்தில் இருப்பவள் கண்ணை மூடினால், ஜெபிக்கிறாளா தூங்குகிறாளா என்று ஒருதரம் பார்த்துக்கொள்வேன். இந்தக் குணத்தால் எனக்குக் கிடைத்த கெட்ட பெயர் கொஞ்சமில்லை. ஆனாலும் நாலு பாகம் உள்ள ஒரு கதையை எந்த வரிசையில் வாசிப்பது என்ற சின்ன விஷயத்தில் நான் ஒருத்தியைச் சந்தேகப்பட்டதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. அவள் சந்தேகப்பட வேண்டிய ஆள்தான்.

எங்கள் ஊர் கடற்கரை ஊர். அப்போது மகாராஜா ஆட்சி. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். பெண்களில் பாதிப்பேர் மீன்கடவம் சுமந்து சந்தைக்குப் போவார்கள், மீதிப்பேர் கன்னியர் மடத்திலிருந்து நூல் வாங்கிவந்து ரேந்தை பின்னுவோம். உருட்டுத் தலையணையின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வெள்ளைப் பூவேலை அது. எங்கள் ஊரில் யாரும் அதை உடுத்தியதில்லை. எல்லாம் துரைமார் வீட்டு மேசைக்குக் கப்பலேறிப் போய்விடும்.

ரேந்தை பின்னுகிறவளுக்குக் கையும் கண்ணும் ஓயாது, காதுதான் சும்மா இருக்கும். அதனால் ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். வாசிக்கிறவள் பின்ன வேண்டாம். அவள் பங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னிக் கொடுத்துவிடுவார்கள். நான் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து, கல்யாணம் ஆகாமல் வீட்டில் இருந்தவள். குச்சியைத் தொட்டாலே நூல் சிக்கிக்கொள்ளும். ஆகவே எனக்கு அந்த வேலை வாய்த்தது.

கூடுவது கொழும்பக்கா வீட்டில். அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு, யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷன் கொழும்புத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டதால் அவள் கொழும்பக்கா ஆனாள். முதலில் சேலையும் சோப்பும் வந்தன. பிறகு ஆள் மூலம் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. ஓடு போட்ட நல்ல வீடு, ஆண்வாடை இல்லை. நாங்கள் பத்துப் பேர் காலை நீட்டிக்கொண்டு உட்கார அதைவிடத் தோதான இடம் ஊரில் கிடையாது.

ஆனால் அந்த வீட்டைப் பற்றி ஒரு பேச்சு எப்போதும் உண்டு. வீடு புருஷனுடைய அப்பன் கட்டியது. கொழும்பக்காவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் உயிரோடு இருக்கிறவரைக்கும் அவள் வீட்டுக்காரி. அவன் செத்தான் என்று சேதி வந்தால் தாலியைக் கழற்றி மூலையில் உட்கார வேண்டும், வீடு கொழுந்தனுக்குப் போய்விடும். அந்தக் கொழுந்தனின் பெண்டாட்டியும் எங்களோடு உட்கார்ந்து பின்னுகிறவள். பின்னிக்கொண்டே அண்ணாந்து உத்திரத்தைப் பார்ப்பாள். மழைக்கு ஒழுகுகிறதா என்று மற்றவர் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பாள். கொழும்பக்கா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வாள். "அவரு வந்து பாப்பாரு."

இந்தக் கூட்டத்துக்குள்தான் அந்தக் கதை வந்து சேர்ந்தது. பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்த என் அண்ணன் நாலு பாகத்தையும் வாங்கி, தானும் வாசிக்காமல், பஸ்காரனிடம் கொடுத்துவிட்டிருந்தான். மகாராஜா எல்லையில் சுங்கம் பார்க்கிற ஆரல்வாய்மொழி சவுக்கையில் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். பிரித்தவர்கள் ஒரு பாகத்தை உருவிக்கொண்டிருப்பார்களோ என்று எனக்கு உடனே சந்தேகம். இல்லை, நாலும் இருந்தன. அந்தக் காலத்துப் புத்தகத்தில் பக்கங்களின் மடிப்பை வாங்குகிறவர்தான் வெட்ட வேண்டும், இவை வெட்டாமல் அப்படியே இருந்தன. அட்டையில் கத்தியோடு நிற்கிற ஒரு பெண்ணின் படம். மடத்து அம்மா நூல் கணக்குப் பார்க்க வருகிறபோது இது கண்ணில் பட்டால் தொலைந்தோம். நாலுக்கும் ஒரே மஞ்சள் காகிதத்தில் உறை போட்டு, மேலே எதுவும் எழுதாமல் விட்டேன். அம்மா வந்தால் வாசிக்க என்று ஒரு புனிதரின் சரித்திரத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். அந்தப் புனிதர் பாவம், முதல் பக்கத்தைத் தாண்டி வளரவே இல்லை.

புத்தகங்கள் என் வீட்டில் இருக்கக் கூடாது என்றார்கள். நான் முன்கூட்டியே வாசித்துவிட்டு எனக்கு வேண்டியவளிடம் மட்டும் சொல்லிவிடுவேனாம். சத்தமாக வாசிக்கும்போது காதல் வருகிற இடத்தைத் தாண்டிவிடுவேனாம். சந்தேகத்தில் இவர்கள் எனக்கு அக்காமார் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் கொழும்பக்காவின் தேக்குப் பெட்டிக்குள் வைப்பது என்று முடிவாயிற்று. அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆகவே ஆபத்தில்லை. பெட்டிச் சாவி அவள் இடுப்பில்.

வரிசைச் சண்டை முதல் நாளே வந்தது. கதை இதுதான். ஒரு பெரிய வீட்டு மனிதன், திருட்டுப் பழிக்குப் பயந்து பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போகிறான். அது முதல் பாகம். இரண்டாம் பாகத்தில் அவன் சீமை சீமையாக அலைகிறான். மூன்றாம் பாகத்தில் அவன் கதை முடிகிறது என்று பின்னட்டை விளம்பரத்தில் இருந்தது. நாலாம் பாகத்தை ஆசிரியர் பிற்பாடு எழுதியிருக்கிறார். அதில் இருப்பது எல்லாவற்றுக்கும் முந்தின கதை, அந்த இருவரும் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது. விருப்பமுள்ளவர்கள் இதை முதலில் வாசித்தாலும் பிழையில்லை என்று முன்னுரையில் வேறு எழுதிவைத்துவிட்டார். மனிதர் சும்மா இருந்திருக்கலாம்.

அச்சான வரிசையில்தான் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. முதல் பாகத்தில் நல்லவனாக நடமாடுகிற அந்த வீட்டுக் காரியஸ்தன் உண்மையில் யார் என்பதை ஆசிரியர் நாலாம் பாகத்தில்தான் உடைக்கிறார் என்று முன்னுரையிலேயே வாடை அடித்தது. அதை முதலில் வாசித்தால் மர்மம் போய்விடும். கூட்டத்தில் மூத்தவள், எல்லாருக்கும் மைனியாக இருந்தவள், பிறந்த பிறகுதானே வளர முடியும், நாலிலிருந்து தொடங்கு என்றாள். ஆளுக்கொரு பக்கம் பேச, கொழும்பக்கா குச்சியைக் கீழே வைக்காமலே ஒரு நியாயம் சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நாள்ல விபூதிப் புதன் வருது. தபசுக்காலத்துல கல்யாணம் வாசிப்பாளுவளா? அதுக்கு முன்ன நாலாம் பாகத்த வாசிச்சு முடிச்சிரணும்."

"இது கதைக் கல்யாணம்தானே அக்கா."

"கதைன்னா கல்யாணம் இல்லாமப் போச்சா? மாப்பிள்ளை இருக்கான், பொண்ணு இருக்கா, தாலி இருக்கு. பின்ன என்னட்டி?"

எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் எதற்கும் ஒரு காலம் உண்டு. தபசுக்காலத்தில் ஆண்டவர் பட்ட பாடுகளை வாசிப்போம், கொட்டு மேளம் கிடையாது, கல்யாணம் கிடையாது. கோவிலில் பக்க வரிசையிலா வாசிக்கிறார்கள்? எந்த நாளுக்கு எது பொருத்தமோ அதைத்தான் வாசிக்கிறார்கள். அச்சடித்த கதைக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அப்படியாக நாலாம் பாகத்தை விபூதிப் புதனுக்கு முன்னால் அவசர அவசரமாக வாசித்து முடித்தோம். ஊரிலும் அந்த வாரத்தில் கல்யாணங்கள் நடந்ததால் அதுவும் அவற்றோடு ஒன்றாகப் போயிற்று. தபசுக்காலத்தில் முதல் பாகமும் இரண்டாம் பாகமும். நான் பயந்தபடியே மர்மம் போய்விட்டது. ஆனால் ஒருத்தியும் வருத்தப்படவில்லை. காரியஸ்தன் முதல் பக்கத்தில் தலைகாட்டியதுமே, "சவம், வந்துட்டான் பாத்தியா" என்று ஆரம்பித்து அவன் கும்பிட்டாலும் திட்டினார்கள், குடை பிடித்தாலும் திட்டினார்கள். ஆசிரியர் ஒளித்துவைத்ததை எல்லாம் இவர்கள் முன்கூட்டியே சந்தேகப்பட்டு மகிழ்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். கப்பலேறிப் போனவன் தூரதேசத்தில் காய்ச்சலாகக் கிடப்பதோடு இரண்டாம் பாகம் முடிந்தபோது பாஸ்கு வந்துவிட்டது.

பாஸ்கு முடிந்து கூடிய முதல் நாள், "மூன்றாம் பாகத்தை எடுங்க அக்கா" என்றேன்.

"பாஸ்கு களிஞ்ச உடனே சாவா? ஆண்டவரு இப்பதான் உயிர்த்து எழும்பியிருக்காரு. கொஞ்சம் பொறு மக்கா."

எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் பாகத்தில் சாவு இருக்கிறது என்று இவளுக்கு யார் சொன்னது? எனக்கே தெரியாது. கதை முடிகிறது என்று விளம்பரம் சொன்னதை மற்ற எல்லாரும் அவன் ஊர் திரும்பிவிடுவான் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "காய்ச்சலாக் கெடக்கான், பின்ன என்ன வரும்?" என்று நூலை இழுத்துவிட்டுக்கொண்டாள். பதில் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மே மாதம் வந்தது. அது மாதாவின் மாதம், சாவு ஆகாது, கல்யாண பாகத்தையே இன்னொருதரம் வாசி என்றாள். அடுத்தது திருஇருதய மாதம், அப்போதும் ஆகாது. அடுத்தது கடல் கொந்தளிக்கிற காலம், ஆண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள், கரையில் உட்கார்ந்து சாவு வாசிக்கிறதா என்றாள். ஒவ்வொரு மாதத்துக்கும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. நியாயமான ஒருத்தியிடம் இத்தனை நியாயம் இருக்காது என்று நான் எண்ணினேன்.

அதிலிருந்து அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். நாலு புத்தகத்துக்கும் ஒரே மஞ்சள் உறை, மேலே எழுத்து இல்லை. ஆனாலும் நான் கேட்கிற பாகத்தை அவள் ஒருமுறைகூடத் தப்பாக எடுத்துத் தந்ததில்லை. பெட்டியில் அடுக்கிய வரிசையை நினைவில் வைத்திருப்பாளோ? ஒருநாள் திருப்பி வைக்கும் சாக்கில் நாலையும் கலைத்துப் போட்டேன். மறுநாள் இரண்டாம் பாகத்தில் ஒரு இடம் பார்க்க வேண்டும் என்றேன். பெட்டிக்குள் குனிந்தாள், ஒரு கணம் நின்றாள், இரண்டாம் பாகத்தையே கொண்டுவந்து தந்தாள்.

அடுத்தது மூன்றாம் பாகம். அவள் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு அடுப்படிக்குப் போன நேரத்தில், செல்லரித்திருக்கிறதா பார்ப்பதுபோல் எடுத்தேன். மற்ற மூன்றையும் நான் அண்ணனின் பேனாக்கத்தியால் வெட்டியிருந்தேன், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இதை யாரும் இன்னும் வாசிக்கவில்லை, மடிப்பு அப்படியே இருக்க வேண்டும். இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அழகாக வெட்டியிருந்தது, ரேந்தை நூல் நறுக்குகிற சின்னக் கத்தரியால். நடுவில் ஒரு பக்கத்தில் அடையாளமாக ஒரு வெள்ளை நூல்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எழுத்துத் தெரியாதவள் என்று நம்பி அவள் எதிரில் தொண்டை வற்ற வாசித்திருக்கிறேன். கடினமான சொல்லில் தடுக்கியபோதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் போல, "அது யாரு மக்கா?" என்று வேறு கேட்பாள்.

கேட்க வேளை வந்தது ஒரு பகலில். கரையிலிருந்து இழுக்கிற கரைமடி வலையில் நெத்திலி கொட்டோ கொட்டென்று விழுந்திருக்கிறது என்று சத்தம் கேட்டு எல்லாரும் தலையணையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும். நான் அந்த வெள்ளை நூலை அவள் தலையணைமேல் வைத்தேன்.

அவள் பதறவில்லை. நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். "சின்னதுல மடத்துல படிச்சேன்" என்றாள்.

"பின்ன ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?"

"தெரியும்னா நீ எதுக்கு இங்க வரப்போற? நீ வரல்லேன்னா அவளுவளும் வரமாட்டாளுவ. நான் இந்தப் பெரிய வீட்டுல சுவரப் பாத்துட்டு இருக்கணும்."

"சரி. மூணாம் பாகத்த ஏன் ஒளிக்கணும்?"

அவள் குச்சியைக் கையில் எடுத்தாள், போட்டாள். "கப்பலேறிப் போனவன் அந்தச் சீமையிலேயே செத்துப்போறான். பொண்டாட்டிக்குச் சேதி வருது. சேதி வந்த அன்னைக்கே அந்தக் காரியஸ்தன் வீட்டுக்குள்ள ஏறுகான். இத நீ இந்த வீட்டுல வச்சு சத்தமா வாசிச்சா, அவளுவ உனக்க மூஞ்சியவா பாப்பாளுவ? எனக்க மூஞ்சியத்தான் பாப்பாளுவ. கொழுந்தன் பொண்டாட்டி இருக்கா. கதைன்னு கேப்பாளுவ, போவும்போ சேதின்னு கொண்டுபோவாளுவ."

எங்கள் ஊரைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. மறுநாள் கூட்டத்தில் நானே, மூன்றாம் பாகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை, சவுக்கையில் கிழித்துவிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன்.

"சவுக்கைக்காரனுக்குப் போயிலை வேணும், கருப்பட்டி வேணும்" என்றாள் மைனி. "கதை எதுக்குட்டி அவனுக்கு?" அன்றிலிருந்து எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். நான் புத்தகத்தைத் தொட்டால் எத்தனை பக்கம் திருப்புகிறேன் என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் என் சந்தேகம் அதோடு அடங்கியதா? இல்லை. புது முளை விட்டது. கதையில் வருகிற சாவுக்கு ஒருத்தி இவ்வளவு பயப்படுவாளா? அவளுக்கு நிஜமாகவே சேதி வந்துவிட்டதோ? புருஷன் செத்தது தெரிந்தும் தாலியோடு உட்கார்ந்து, வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாளோ? அவள் பூசைக்குப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து கவனித்தேன். யாருக்காக ஜெபிக்கிறாள் என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போது அவன் வந்து இறங்கினான்.

நவம்பர் தொடக்கம். கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். இடுப்பில் கொழும்புச் சாரம், தலையில் தொப்பி, கூலிக்காரன் தலையில் தகரப்பெட்டி. ஊரே பின்னால் போயிற்று. மனசுக்குள் அவனைச் செத்தவனாக்கி வைத்திருந்த நானும் போய்ப் பார்த்தேன். நன்றாகச் சதை போட்டிருந்தான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இனி அக்காவுக்கு ஒரு பயமும் இல்லை என்று நினைத்தேன். வீட்டில் ஆண் வந்துவிட்டதால் எங்கள் வாசிப்பும் பின்னலும் நின்றன.

சில நாள் கழித்து மடத்தில் நூல் வாங்குகிற இடத்தில் அவளைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வீட்ட விக்கணுமாம்" என்றாள்.

"உங்களையும் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறாரா?"

"அங்க ஆளு இருக்கு. பிள்ளையளும் இருக்காம். நான் எங்க அண்ணன் வீட்டுல போய் இருக்கணுமாம். கொழுந்தன் வாங்கிக்கிடுவாரு, பேச்சு ஆயாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எவன் செத்தால் வீடு போய்விடும் என்று இத்தனை வருஷம் பயந்தாளோ, அவன் உயிரோடு வந்து அதே வீட்டை அதே கொழுந்தனுக்குக் கொடுக்கிறான். அவள் அழவில்லை. நூல்கண்டைச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு சொன்னாள். "நாளைக்கு எல்லாரையும் விளிச்சிட்டு வா. மூணாம் பாகம் வாசிக்கணும்."

"அவர் இருப்பாரே அக்கா?"

"இருக்கட்டும். அவருக்கும் காது இருக்கு இல்லியா?"

"இந்த மாசத்துல வாசிக்கலாமா?"

"இது ஆத்துமாக்கள் மாசம். செத்தவியள நெனைக்கதுக்குள்ள மாசம். இப்பதான் வாசிக்கணும்."

மறுநாள் எல்லாரும் வந்தார்கள், கொழுந்தன் பெண்டாட்டியும் வந்தாள். இப்போதே வீட்டுக்காரி மாதிரி தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் உள்ளறையில் கட்டிலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கதவு திறந்துதான் இருந்தது. கொழும்பக்கா பெட்டியைத் திறந்து மூன்றாம் பாகத்தை என் கையில் தந்தாள். கடைசிப் பக்கங்கள் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து மைனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சத்தமா வாசி மக்கா" என்றாள் அக்கா.

வாசித்தேன். முதலில் அவன் உள்ளேயிருந்து சிரித்தான். "நல்ல கதை" என்றான். குடிக்க வெள்ளம் கேட்டான். யாரும் எழும்பவில்லை. கப்பலேறிப் போனவனுக்குக் காய்ச்சல் முற்றியது, பக்கத்தில் முகம் தெரிந்த ஒருவரும் இல்லை. அவன் செத்தான். ஊரில் பெண்டாட்டிக்குச் சேதி வந்தது. காரியஸ்தன் வந்து வீட்டு வாசலில் நின்றான்.

அக்கா அன்று சொன்னது பொய்த்துப்போயிற்று. ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் குச்சிகளை நிறுத்திவிட்டு அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நான் அத்தியாயத்தை முடித்ததும் மைனி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இறந்த ஆத்துமாவுக்குச் சொல்கிற இளைப்பாற்றி ஜெபத்தைத் தொடங்கினாள். அவள் குறும்புக்குச் செய்தாள் என்று நான் நினைக்கவில்லை. ஆத்துமாக்கள் மாதத்தில் ஒரு சாவைக் கேட்டால் அந்த ஜெபத்தைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு, அது எங்களுக்கு வழக்கம். எல்லாரும் தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுமொழி சொன்னார்கள். கொழும்பக்காவும் சொன்னாள், தெளிவாக, ஒரு சொல் விழுங்காமல்.

அவன் எழுந்து வாசற்படியில் வந்து நின்றான். சுருட்டு கையில் அணைந்து கிடந்தது. "யாருக்குட்டி ஜெபம்?" என்றான்.

"கப்பலேறிப் போனவனுக்கு" என்றாள் மைனி.

பத்துப் பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவன் உள்ளே போய்விட்டான். கொழுந்தன் பெண்டாட்டி அன்று உத்திரத்தைப் பார்க்கவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக எழுந்து போனாள்.

கதையென்று கேட்டார்கள், போகும்போது சேதியென்று கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, உயிரோடு இருப்பவனுக்கு அவன் வீட்டிலேயே இளைப்பாற்றி ஜெபம் சொல்லியாயிற்று என்று. கொழுந்தன் வீட்டில் பெரிய சண்டை. அவன் பெண்டாட்டி கத்தியது தெருமுனை வரை கேட்டது. "செத்தவன்கிட்ட வீடு வாங்கவா? நான் அங்க குடியிருக்க மாட்டேன். நீரு போயி ஒத்தையில கெடயும்." கொழுந்தன் பின்வாங்கினான். அந்த வீட்டைப் போலக் கோவிலைச் சுற்றியிருக்கிற வீடுகளை வெளியூரான் வாங்குகிற வழக்கம் எங்கள் கரையில் இல்லை. ஊர்க்காரர்களில் யாரும் வாங்க முன்வரவில்லை. கொழும்புக்காரன் கடைத்தெருவில் நடந்தால் பெண்கள் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அந்த ஊரில் இருந்தவரைக்கும் திரும்பி வரவில்லை. வீடு அவளிடமே இருந்தது.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. அவனுக்கு அங்கே குடும்பம் இருப்பது அவளுக்கு முன்பே தெரியுமோ? ஒருநாள் வருவான், வந்தால் வீட்டைக் கேட்பான் என்று கணக்குப் போட்டு, மாதாவையும் கடலையும் சாக்கு வைத்து, அந்தப் பாகத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாளோ? கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சிரித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

அடுத்த தபசுக்காலத்துக்கு முன்னால் எங்கள் கூட்டத்தில் புதிதாக ஒரு கல்யாணப் பெண் சேர்ந்தாள், வேறு கரையிலிருந்து வந்தவள். அவளுக்காகக் கதையை மறுபடியும் தொடங்கினோம். எந்தப் பாகம் முதலில் என்று இப்போது யாரும் சண்டை போடவில்லை. நாலு, ஒன்று, இரண்டு, கடைசியில் மூன்று. கல்யாண பாகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தொண்டையைச் சரிசெய்தபோது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"கப்பலேறிப் போவான்னு சொன்னியளே அக்கா, அவன் திரும்பி வருவானா?"

"வருவான்" என்றாள் கொழும்பக்கா, குச்சியிலிருந்து கண்ணெடுக்காமல். "வந்த பொறவுதான் சாவான்."

புத்தகத்தில் அவன் திரும்பி வருவதே இல்லை. மைனி என்னைப் பார்த்தாள். நான் திருத்தாமல் முதல் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன்.